காவிரித் தீவு – 23: கொல்லை வழி வந்தவள்

மலைக்கோட்டைப் படிகளில் வாழைத்தாரைத் தோளில் சுமந்துகொண்டு ஏறுகிற குடும்பத்தைப் பார்த்திருப்பீர்கள். அவர்கள் வீட்டில் யாருக்கோ சுகப்பிரசவம் ஆகியிருக்கிறது. தாயுமானவருக்கு வாழைத்தார் நேர்ந்துகொள்வது இந்த ஊரின் பழக்கம். அதன் பின்னால் உள்ள கதை எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஆனாலும் இந்த வார விஷயத்துக்கு அதை இன்னொரு முறை சொல்லியாக வேண்டும்.

பூம்புகார் வணிகர் வீட்டுப் பெண் இரத்தினாவதி திருச்சியில் வாழ்க்கைப்பட்டாள். தலைப்பிரசவம். பிரசவ மருந்தும் பத்தியச் சாமானும் மூட்டை கட்டிக்கொண்டு தாய் கிளம்பிவிட்டாள். வழியில் காவிரி கரைபுரண்டு ஓடுகிறது. ஓடம் இல்லை. அக்கரையில் தாய், இக்கரையில் வலியெடுத்துத் துடிக்கும் மகள். சிவனே அந்தத் தாயின் உருவில் வந்து பேறு பார்த்தார், வெள்ளம் வடிந்து பெற்றவள் வந்துசேரும் வரை கூடவே இருந்து மருந்தும் கொடுத்தார். சித்திரைத் திருவிழாவில் ‘செட்டிப்பெண் மருத்துவம்’ என்ற பெயரில் இதை இன்றும் நடத்துகிறார்கள்.

1994-இல் செரீன் தாடியஸ், டெபோரா மெய்ன் என்ற இரண்டு ஆய்வாளர்கள், உலகெங்கும் பிரசவத்தில் தாய்மார் ஏன் சாகிறார்கள் என்று அலசி, மூன்று தாமதங்களைக் காரணமாகச் சொன்னார்கள். ஆபத்து என்று வீட்டார் முடிவெடுப்பதில் தாமதம், ஆஸ்பத்திரிக்குப் போய்ச்சேருவதில் தாமதம், போன இடத்தில் கவனிப்பதில் தாமதம். மகப்பேறு மருத்துவம் படிக்கிறவர்களுக்கு இன்றும் இதுதான் பாலபாடம். இரத்தினாவதி கதை இரண்டாவது தாமதத்தின் கதை. ஆற்றங்கரை மக்கள் தங்களுக்கு நன்றாகத் தெரிந்த பயத்தைத்தான் கதையாக்கி வைத்திருக்கிறார்கள். திருச்சியையும் ஸ்ரீரங்கத்தையும் இணைக்கும் இன்றைய காவிரிப் பாலம் வந்தது 1976-இல். அதை 2022 கடைசியில் பழுதுபார்க்க மூடியபோது ஊர் பட்ட பாட்டை இந்தத் தலைமுறையும் பார்த்துவிட்டது.

கதையில் எனக்கு ஒரு குறை உண்டு. தொப்புள்கொடியை யார் அறுத்தார்கள்? நஞ்சுக்கொடியை யார் கொண்டுபோய்ப் புதைத்தார்கள்? இரத்தத் துணியை யார் துவைத்தார்கள்? தலபுராணம் அதைச் சொல்லவில்லை. ஆனால் இந்தக் கரைகளில் அந்த வேலையைத் தலைமுறை தலைமுறையாகச் செய்தவர்கள் யாரென்று ஊருக்குத் தெரியும்.

அவள் பெயர் மருத்துவச்சி. பெரும்பாலும் நாவிதர் குடியில் பிறந்தவள். சில ஊர்களில் சேரியிலிருந்து வந்த பெண். ஸ்ரீரங்கத்தில் உத்தர வீதி, சித்திரை வீதி அக்ரகார வீடுகளில் பேறுகாலத் தீட்டு பத்து நாள். பிள்ளை பெற்றவளைத் தனி அறையில், பெரும்பாலும் வீட்டின் இருட்டான மூலையில் வைப்பார்கள். வீட்டு மனிதர்களே தொடமாட்டார்கள். தொடுகிற ஒரே ஆள் மருத்துவச்சி. அவளும் வாசல் வழியாக வரக்கூடாது, கொல்லை வழியாகத்தான் வரவேண்டும். விளக்கெண்ணெய் தடவிய கையோடு ராப்பகலாக உட்கார்ந்திருப்பாள், வயிற்றைத் தடவிப் பிள்ளை எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்று சொல்லிவிடுவாள். பனிக்குடம் உடைந்து பிள்ளை விழுந்ததும் கொடியை அறுப்பாள். கூலி மரக்கால் கணக்கில் நெல், ஒரு பழஞ்சேலை, வெற்றிலை பாக்கில் வைத்த சில்லறை. ஆண் பிள்ளை என்றால் நெல் கொஞ்சம் கூடும். பதினோராம் நாள் புண்ணியாகவாசனம் செய்து வீடு சுத்தமாகிவிடும். அவளுடைய தீட்டு மட்டும் எந்த நாளிலும் கழியாது.

அவளைத் தெய்வமாக்கவும் நான் தயாரில்லை. கொடியை அறுக்கக் கையில் கிடைத்த அரிவாளோ மூங்கில் சிம்போ போதும் என்றிருந்த காலம் அது. பச்சைக் குழந்தைகள் ஏழாம் நாள், எட்டாம் நாள் விறைத்துச் செத்தன. அது ரண ஜன்னி என்று பிறகுதான் தெரிந்தது. பிள்ளை பெற்றவளுக்கு மூன்றாம் நாள் காய்ச்சல் வந்து உளறினால் ‘பிரசவ ஜன்னி’ என்று சொல்லிக் கையைப் பிசைந்தார்கள். பச்சை உடம்புக்கு ஆகாது என்று தண்ணீர்கூட அளந்து கொடுத்த வீடுகள் உண்டு.

ஆனால் தீட்டு யார் கையில் இருந்தது என்பதற்கு ஐரோப்பாவில் ஒரு சாட்சி இருக்கிறது. 1840-களில் வியன்னாவின் பெரிய அரசு மருத்துவமனையில் இரண்டு பிரசவ வார்டுகள். ஒன்றை டாக்டர்களும் மாணவர்களும் நடத்தினார்கள், இன்னொன்றை மருத்துவச்சிகள். டாக்டர்கள் வார்டில் சூதகக் காய்ச்சலில் செத்த தாய்மார் பல மடங்கு அதிகம். தங்களை மருத்துவச்சிகள் வார்டில் சேர்க்கச் சொல்லிக் கர்ப்பிணிகள் கெஞ்சினார்கள். பிண அறுவைக் கூடத்திலிருந்து நேராகப் பிரசவ அறைக்கு வந்த டாக்டர்களின் கைகளே காரணம் என்று கண்டவர் செம்மல்வைஸ். 1847-இல் குளோரின் கலந்த நீரில் கை கழுவ வைத்தார், சாவு சரிந்தது. படித்த கனவான்களின் கை அழுக்கு என்று சொன்னதற்காகச் சக மருத்துவர்கள் அவரைப் பாடாய்ப் படுத்தினார்கள்.

சென்னையில் பிரசவத்துக்கென்றே ஓர் ஆஸ்பத்திரி 1844-இல் தொடங்கிவிட்டது. எழும்பூர் மருத்துவமனையின் வேர் அதுதான். 1854-இல் அங்கே மருத்துவச்சிகளுக்குப் பயிற்சியும் ஆரம்பமானது. அங்கு ஏழைகள் வந்தார்கள். மேல்சாதி வீட்டுப் பெண்களும் முக்காடு விலக்காத முஸ்லிம் பெண்களும் எல்லோரும் படுக்கிற கட்டிலில் படுக்க வரவில்லை, ஆண் டாக்டர் தொடுவதை ஏற்கவும் இல்லை. இவர்களுக்காக மேரி ஷார்லீப் என்ற ஆங்கிலப் பெண்மணி முயன்று 1885-இல் ஒரு தனி மருத்துவமனை தொடங்கினார். சென்னை மருத்துவக் கல்லூரியில் 1875-இல் சேர்ந்த முதல் நான்கு பெண்களில் ஒருவர் அவர். ‘சாதிப் பெண்களுக்கும் கோஷாப் பெண்களுக்கும்’ என்று பெயர்ப்பலகையிலேயே எழுதி, விக்டோரியா ராணியின் பேரையும் வைத்தார்கள். திருவல்லிக்கேணியில் இன்று கஸ்தூரிபா காந்தி மருத்துவமனை. வயதான சென்னைக்காரர்களுக்கு இப்போதும் அது கோஷா ஆஸ்பத்திரிதான்.

ஷார்லீப்பின் நோக்கத்தைக் குறை சொல்ல முடியாது. வீட்டு இருட்டறையில் செத்துக்கொண்டிருந்த பெண்களை வெளியே கொண்டுவர அவருக்குக் கிடைத்த வழி அது. ஆனால் நவீன மருத்துவம் நம் ஊருக்குள் வரும்போது சாதியோடு சண்டை போடாமல் சமாதானம் பேசிக்கொண்டுதான் வந்தது என்பதை மறந்துவிடக்கூடாது. வேலூரில் மருத்துவமனை கட்டிய ஐடா ஸ்கடர் டாக்டராக முடிவெடுத்த கதையும் இப்படித்தான்: ஒரே இரவில் மூன்று வீட்டு ஆண்கள் வந்து மனைவியின் பேறுகாலத்துக்கு உதவி கேட்டார்கள், ஆண் டாக்டர் வேண்டாம் என்று திரும்பிப் போனார்கள், விடிவதற்குள் மூன்று பெண்களும் செத்துப்போனார்கள்.

திருச்சிக்குத் தெற்கே ஐம்பது கிலோமீட்டர் சொச்சம் போனால் புதுக்கோட்டை. 1886-இல் அங்கே பிறந்த முத்துலட்சுமியின் தாய் சந்திரம்மாள் தேவதாசி மரபில் வந்தவர், தந்தை நாராயணசாமி ஐயர் கல்லூரி முதல்வர். ஆண்கள் மட்டும் படித்த மகாராஜா கல்லூரியில் இந்தப் பெண் சேர்வதற்கு ஊரே எதிர்ப்பு. தொண்டைமான் மன்னர் அனுமதித்தார். 1907-இல் சென்னை மருத்துவக் கல்லூரி, 1912-இல் பட்டம், பிறகு எழும்பூர் பிரசவ ஆஸ்பத்திரியில் வேலை. சட்டமன்றம், தேவதாசி ஒழிப்பு, அவ்வை இல்லம், அடையாறு புற்றுநோய் நிலையம் எல்லாம் பின்னால். தன் தாயின் பிறப்பையே இழிவாகப் பேசிய சமூகத்தின் பிள்ளைகளைத் தன் கையால் எடுத்தவர் அவர். மகப்பேறு நிதியுதவித் திட்டத்துக்கு அவர் பெயரை வைத்தது தமிழ்நாட்டு அரசு செய்த நல்ல காரியங்களில் ஒன்று. அந்தத் திட்டத்தைப் பற்றி ஒரு வருத்தமும் உண்டு, பிறகு சொல்கிறேன்.

1926-இல் சென்னை மாகாணம் செவிலியர், மருத்துவச்சிகள் சட்டம் கொண்டுவந்தது. பயிற்சி பெற்றுப் பதிவு செய்துகொண்டவர் ஒரு வகை, கொல்லை வழி வந்தவள் இன்னொரு வகை என்று பிரிந்தது அதற்குப் பிறகுதான் கெட்டியானது. சுதந்திரத்துக்குப் பிறகு நாட்டு மருத்துவச்சிகளுக்கும் பயிற்சி கொடுத்து, பிளேடும் நூலும் சோப்பும் அடங்கிய பெட்டி கொடுத்தார்கள். பிறகு ஆஸ்பத்திரிப் பிரசவம் பெருகப் பெருக அவளுக்கு வேலையே இல்லாமல் போனது. நல்லதற்குத்தான். ஆனால் அவளுக்கு ஓய்வூதியமும் கிடைக்கவில்லை, ஒரு நன்றியும் கிடைக்கவில்லை.

இதே காலத்தில் உலகின் மறு கோடியில் இதே மாதிரி ஒன்று நடந்திருக்கிறது. அமெரிக்காவின் தென் மாநிலங்களில் அடிமைக் காலத்திலிருந்தே கறுப்பினத்து மூத்த பெண்கள்தான் பேறு பார்த்தார்கள், கறுப்பர் வீட்டிலும் ஏழை வெள்ளையர் வீட்டிலும். பாட்டி மருத்துவச்சிகள் என்று பெயர். 1921-இல் வந்த ஒரு தாய்சேய் நலச் சட்டத்துக்குப் பிறகு அவர்களுக்கு உரிமச் சீட்டு, பயிற்சி, பைச் சோதனை எல்லாம் வந்தன. ஜார்ஜியா மாநிலத்து மேரி கோலி என்ற மருத்துவச்சியை வைத்து 1953-இல் பயிற்சிப் படமே எடுத்தார்கள். பிறகு மெதுவாக அவர்களை ஒதுக்கினார்கள். அலபாமாவில் 1976-இல் சட்டமே போட்டு நிறுத்தினார்கள். கறுப்பினத் தாய்மார் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். ஆனால் தங்கள் பேச்சைக் காதுகொடுத்துக் கேட்கிற ஆளை வீட்டிலேயே விட்டுவிட்டுப் போனார்கள். 2023-ஆம் ஆண்டுக் கணக்குப்படி அமெரிக்காவில் ஒரு லட்சம் உயிருள்ள பிறப்புக்குச் செத்த வெள்ளையினத் தாய்மார் 14.5, கறுப்பினத் தாய்மார் 50.3. உலகப் பணக்கார நாட்டின் கணக்கு இது. பணமும் படிப்பும் இருந்தாலும் இந்த இடைவெளி முழுதாக மூடவில்லை. டென்னிஸ் வீராங்கனை செரீனா வில்லியம்ஸ் 2017-இல் பிள்ளை பெற்ற மறுநாள் மூச்சு முட்டி, நுரையீரலில் இரத்தக் கட்டி இருக்கிறது, ஸ்கேன் எடுங்கள் என்று தானே வற்புறுத்திச் சொல்ல வேண்டியிருந்தது.

நம் கதைக்கு வருவோம். தாய்மார் சாவை விதி என்று விடாமல் காரணம் கேட்கத் தொடங்கியது இங்கே கொஞ்சம் முன்னதாகவே நடந்தது. எழும்பூர் மருத்துவமனையின் ஆற்காடு லட்சுமணசாமி முதலியார் 1930-களின் தொடக்கத்திலேயே சென்னை நகரில் பிரசவத்தில் ஏன் சாகிறார்கள் என்று விசாரித்து அறிக்கை எழுதினார். அந்தக் கேள்வி அரசு நிர்வாகத்தின் அன்றாட வேலையாக மாறுவதற்கு இன்னும் அறுபது, எழுபது ஆண்டு ஆனது. 1990-களில் தமிழ்நாட்டில் ஒவ்வொரு தாயின் சாவையும் பதிவு செய்து விசாரிக்கும் முறை தொடங்கி, 2004-இல் அரசாணையாகக் கட்டாயமானது.

இந்த விசாரணை எப்படி நடக்கும் என்பதைக் கிட்ட இருந்து பார்த்தால்தான் அதன் அருமை தெரியும். சாவு நடந்த 24 மணி நேரத்துக்குள் தகவல் போயாக வேண்டும். ஒரு குழு வீடு தேடிப் போகும். எத்தனை மணிக்கு வலி எடுத்தது? யார் முதலில் பார்த்தது? வண்டிக்கு எப்போது சொன்னீர்கள், எப்போது வந்தது? முதல் ஆஸ்பத்திரியில் என்ன சொன்னார்கள், எத்தனை நேரம் உட்கார வைத்தார்கள், இரத்தம் இருந்ததா? இவை அத்தனையும் தாளில் ஏறும். பிறகு கலெக்டர் முன்னிலையில் கூட்டம். செத்தவளின் வீட்டார் வருவார்கள். நடவுக்குப் போகிற தாயோ, கொத்து வேலைக்குப் போகிற கணவனோ ஆட்சியர் அலுவலக நாற்காலியில் உட்கார்ந்து, பெரிய டாக்டர் பக்கத்தில் இருக்க, செத்தவள் எத்தனை மணிக்கு என்ன சொன்னாள் என்று சொல்வார். யாரையும் தூக்கில் போட அல்ல, அடுத்தவள் சாகாமல் இருக்க. இந்தத் தொடரில் மன்னர்களின் கல்வெட்டுகளைப் பற்றி நிறைய எழுதிவிட்டேன். இந்த விசாரணைத் தாள்களும் அதற்குச் சளைத்த ஆவணங்கள் அல்ல.

கேள்விகளுக்குப் பதில் கிடைத்ததும் காரியங்கள் நடந்தன. மாலை ஆனால் பூட்டிக் கிடந்த ஆரம்ப சுகாதார நிலையங்களில் மூன்று செவிலியரை முறை வைத்துப் போட்டு இரவும் பகலும் பிரசவம் பார்க்க வைத்தார்கள். தாலுகா மருத்துவமனைகளில் அறுவைக்கும் இரத்தத்துக்கும் ஏற்பாடு செய்து அவசரப் பேறுகால மையங்கள் வந்தன. 2008-இல் 108 வந்தது. பிரசவ அறைக்குள் அம்மாவோ அக்காளோ ஒருத்தி துணைக்கு இருக்கலாம் என்று அரசு அனுமதித்தது. அதிக இரத்தப்போக்கில் தாயின் காலையும் வயிற்றையும் இறுகச் சுற்றி, பெரிய ஆஸ்பத்திரி போய்ச்சேரும் வரை உயிரைப் பிடித்து வைக்கும் உடுப்பு ஆம்புலன்ஸ்களுக்கு வந்தது. மலைவாழ் பெண்கள் பேறுக்கு முன்பே வந்து தங்கிக்கொள்ள மலை ஊர் நிலையங்கள் சிலவற்றில் காத்திருப்பு அறை கட்டினார்கள். பச்சமலை போன்ற இடங்களில் மழை பெய்த இரவில் கீழே இறங்குவது என்ன பாடு என்று துறையூர்க்காரர்களைக் கேளுங்கள். இரத்தினாவதி கேட்டதைத்தான் அரசு இத்தனை நாள் கழித்துச் செய்தது.

பலன் கண்ணுக்குத் தெரிகிறது. 2001–03-இல் தமிழ்நாட்டில் ஒரு லட்சம் பிறப்புக்கு 134 தாய்மார் செத்தார்கள், 2018–20-இல் 54. அதே காலத்தில் இந்தியக் கணக்கு 301-லிருந்து 97. கேரளம் 19 என்பதையும் சேர்த்துச் சொல்லிவிட வேண்டும், இல்லையென்றால் நமக்குத் தலைக்கனம் வந்துவிடும். 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் நூற்றுக்கு 99.6 பிரசவம் ஆஸ்பத்திரியில் நடக்கிறது. அதே கணக்கெடுப்பில் கர்ப்பிணிகளில் நூற்றுக்கு 48 பேருக்கு இரத்த சோகை. ஆஸ்பத்திரி வாசல்வரை எல்லோரும் வந்துவிட்டார்கள், இரத்தம் இல்லாமல் வந்திருக்கிறார்கள்.

மூன்றாவது தாமதம் இன்னும் பாக்கி இருக்கிறது, அதைப் பற்றி யாரும் விழா நடத்துவதில்லை. வந்து சேர்ந்தவளை எப்படி நடத்துகிறோம்? அமெரிக்க மானுடவியலாளர் சிசிலியா வான் ஹோலன் 1990-களில் தமிழ்நாட்டில் தங்கி, ஏழைப் பெண்களின் பேறுகாலத்தைப் பற்றி எழுதிய புத்தகம் 2003-இல் வந்தது. பிரசவ அறையில் வாங்கிய திட்டையும் அடியையும், பிள்ளையைக் காட்ட ஆயாவுக்குக் கொடுத்த காசையும், கேட்காமலே கருத்தடை வளையம் போட்டதையும் அந்தப் பெண்கள் வாயாலேயே சொல்கிறது அது. ‘அன்னைக்கு இனிச்சுதா, இப்ப கத்துறியே’ என்ற வசனத்தைத் தமிழ்நாட்டில் கேட்காத தாய்மார் கொஞ்சம். சொல்கிற செவிலியர் ராட்சசி அல்ல. ஒரே நேரத்தில் பத்துப் பேருக்கு வலி எடுக்கிற அறையில் நிற்கிறவள் அவள். ஆனாலும் அந்த வசனம் எந்தத் தெருவிலிருந்து வந்தவளிடம் சரளமாக வருகிறது, எந்தத் தெருக்காரியிடம் நாக்கிலேயே நின்றுவிடுகிறது என்பது எல்லோருக்கும் தெரியும். 2017 கடைசியில் மத்திய அரசு கொண்டுவந்த பிரசவ அறைத் தரத் திட்டத்தில் மரியாதையும் ஓர் அளவுகோல். மரியாதையைத் தாளில் டிக் அடிப்பது சுலபம்.

இங்கே கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது. செத்த தாய்மாரில் தலித் பெண்கள் எத்தனை பேர்? பழங்குடிப் பெண்கள் எத்தனை பேர்? இந்தியாவின் மாதிரிப் பதிவு முறை வெளியிடும் தாய்மார் சாவுக் கணக்கு மாநிலவாரியாக வருகிறது, சாதிவாரியாக வருவதில்லை. அமெரிக்காவின் 50.3 வெட்கக்கேடான எண். ஆனால் அந்த எண் அவர்களிடம் இருக்கிறது. கறுப்பினத் தாய்மாருக்காகப் போராடுகிறவர்கள் ஒவ்வோர் ஏப்ரலிலும் அதைக் கையில் பிடித்துக்கொண்டு ஆட்சியாளரிடம் கேட்க முடிகிறது. நம்மிடம் வீட்டுக்கு வீடு போய் எழுதிய விசாரணைத் தாள் இருக்கிறது, அதைச் சாதிவாரியாகக் கூட்டி வெளியிட மட்டும் மனம் வரவில்லை. எண்ணாததைச் சரிசெய்ய முடியாது, எண்ணினால் தெரிந்துவிடும் என்பதே தயக்கத்தின் காரணம் என்று நான் நினைக்கிறேன்.

முத்துலட்சுமி பெயரிலான திட்டத்தைப் பற்றிச் சொல்கிறேன் என்றேன். சில நூறு ரூபாயில் தொடங்கியது, 2006-இல் 6,000, 2011-இல் 12,000, 2018-இல் ஊட்டச்சத்துப் பெட்டகத்தையும் சேர்த்து 18,000 ஆனது. கூலி வேலைக்குப் போகிறவள் பேறுகாலத்தில் வீட்டில் உட்கார்ந்து சாப்பிட ஒரு வழி. ஆனால் வயது 19 ஆகியிருக்க வேண்டும், முதல் இரண்டு பிரசவத்துக்கு மட்டும். பதினெட்டிலேயே தாயானவளும் மூன்றாவது சுமப்பவளும் வெளியே. உடம்பு மிகவும் தேய்ந்திருப்பவர்களும் அவர்கள்தான். சிறு குடும்பத்தை வலியுறுத்தக் கர்ப்பிணியின் சோற்றைக் கருவியாக்குவது எனக்குச் சரியாகப் படவில்லை.

பேறுக்குப் பிந்தைய நாட்கள் இன்னொரு குறை. இரத்தப்போக்கும் ஜன்னியும் காய்ச்சலும் பிள்ளை பிறந்த பிறகுதான் பெரும்பாலும் கொல்கின்றன. வாரிசு வந்த மகிழ்ச்சியில் வீடு குழந்தை பக்கம் திரும்பிவிடுகிறது. கிராம சுகாதாரச் செவிலியர் வீடு தேடி வந்து இரத்த அழுத்தம் பார்க்கும்போது, தாய் வெளியே வந்து ‘நல்லா இருக்கேன்க்கா’ என்று சொல்லி உள்ளே போய்விடுவாள். அப்படிப் போகவிடாமல் உட்கார வைத்து, தூங்கினாயா, அழுகை வருகிறதா என்று கேட்கிற செவிலியர்களை நான் பார்த்திருக்கிறேன். அவர்களுக்குக் கூடுதலாக ஆள் போட வேண்டும் என்பது என் கோரிக்கை.

அடுத்த வாரம் பொன்மலை ரயில் பட்டறைக்குப் போவோம். அதற்கு முன் வாசகர்களிடம் ஓர் உதவி. இரண்டு கரைகளிலும் ஆயிரக்கணக்கான பிள்ளைகளை எடுத்த மருத்துவச்சிகளில் ஒருத்தியின் பெயரைக்கூட எந்தப் புத்தகத்திலிருந்தும் என்னால் இங்கே எழுத முடியவில்லை. உங்கள் பாட்டி, கொள்ளுப்பாட்டி பேச்சில் அப்படி ஒரு பெயர் வந்திருந்தால், அவள் எந்தத் தெருவில் குடியிருந்தாள், ஏறத்தாழ எந்த ஆண்டுகளில் பேறு பார்த்தாள் என்ற விவரத்தோடு இதழின் முகவரிக்கு எழுதுங்கள். அவள் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள் சம்மதித்தால் அந்தப் பெயர்களை இந்தத் தொடரிலேயே வெளியிடுகிறோம்.